உயரம்: 151 சென்டிமீட்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்று நான் குடித்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை. முந்தின இரவு நன்றாகவே தூங்கியிருந்தேன். நடந்தது பட்டப்பகலில், காலை பதினோரு மணிக்கு மேல். என்னோடு இன்னொருவரும் இருந்தார். இன்றும் எங்கள் சால்தியோ ஊரில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஆனால் இதைப் பற்றி நான் வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுவார்.

என் பெயர் யெசேனியா தமேஸ். ஃபிரிட்ஜ் செய்யும் தொழிற்சாலையில் இன்ஜினியர். ஒரு இயந்திரத்தைக் கட்டுவதற்கு முன்பே, அதில் வேலை செய்கிறவரின் முதுகும் கழுத்தும் என்ன பாடுபடும் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒருவர் உடம்பில் பதினேழு சென்சார்களை வாரால் கட்டுவோம். அவர் குனிந்தால் திரையில் இருக்கும் பொம்மை மனிதனும் குனியும். எந்த மூட்டில் பாரம் கூடுகிறதோ, அந்த மூட்டு சிவக்கும்.

அன்று ஈஸ்டருக்கு முந்தின நாள், புனித சனிக்கிழமை. தொழிற்சாலைக்கு விடுமுறை. வாசல் காவலாளியை விட்டால், உள்ளே நானும் தோன் நிக்கானோரும் மட்டும்தான். தோன் என்பது பெரியவர்களுக்கு எங்கள் ஊர் மரியாதைச் சொல். அவர் முப்பது வருஷம் பிரஸ் என்ற அழுத்து இயந்திரத்தில் தகடு அழுத்தியவர். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லாச் சோதனைக்கும் சென்சார் கட்டிக்கொள்வது அவர்தான்.

புதிய பிரஸ் ஒன்றின் வரைபடத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. மேலாளர் எலிசோந்தோ ஒன்பது மணிக்கே போன் செய்துவிட்டார்.

"என்ன தமேஸ், இன்னும் பொம்மை வெச்சு விளையாடிட்டுத்தான் இருக்கீங்களா? மத்தியானத்துக்குள்ள கையெழுத்து வந்தாகணும்."

அறை நடுவில், இரும்புக் குழாய்களால் அந்தப் பிரஸ்ஸின் அளவுக்கு ஒரு சட்டம் கட்டியிருந்தோம். தோன் நிக்கானோர் அதன் முன் நின்றார். இடது பக்கம் திரும்பித் தகடு எடுப்பது. உள்ளே வைப்பது. இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்துவது. கை வெளியே இருந்தால்தான் பிரஸ் இறங்கும். கை மாட்டவே மாட்டாது.

திரையில் எல்லாம் பச்சை.

"பாத்தீங்களா இன்ஜினியரம்மா? நம்ம உடம்பு கல்லு மாதிரி."

"தொப்பைய கணக்குல சேக்கல. அதான் பச்சை காட்டுது."

சத்தமாகச் சிரித்தார்.

மணி 11.07. திரையின் ஓரத்தில் இரண்டாவது பொம்மை ஒன்று வந்து நின்றது.

நான் பயப்படவில்லை. எங்களிடம் இன்னொரு சென்சார் பெட்டி இருந்தது. யாரோ அணைக்காமல் வைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்தேன். பெட்டியைத் திறந்தேன்.

பதினேழும் அதனதன் குழியில் கிடந்தன. ஒன்றில்கூட விளக்கு எரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். பொம்மை அங்கேயேதான் நின்றது. தோன் நிக்கானோரின் பொம்மையை விட ஒரு தலை குள்ளம். பக்கத்தில் உயரக் கட்டம். அந்த எண்ணை நாம்தான் தட்ட வேண்டும், தானாக வராது. நான் தட்டவில்லை.

151 என்று இருந்தது.

11.09. அது வேலை செய்ய ஆரம்பித்தது.

இடது பக்கம் திரும்பியது. எதையோ எடுத்தது. உள்ளே வைத்தது. எங்கள் பிரஸ்... எங்கள் வேலை... அதே வரிசை. ஒரு சுற்றுக்கு முப்பத்தெட்டு நொடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் முப்பத்தெட்டுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் வேறு. தகட்டை வைத்ததும் அது நுனிக்காலில் எம்பும். பிரஸ்ஸின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் கழுத்தை நீட்டும். தலையை உள்ளே விடும். தகடு சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்கிறது. அந்த உயரத்தில் வேறு எப்படியும் பார்க்க முடியாது. தலை உள்ளே இருக்கும்போதே, இரண்டு கையும் பொத்தான்களுக்குப் போகும்.

கழுத்து மட்டும் சிவப்பு.

 கையைப் பற்றித்தான் யோசித்திருந்தோம். தலையைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை.

"என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார் தோன் நிக்கானோர். அவர் முதுகு திரைக்கு. அவருக்கு எதுவும் தெரியாது.

"ஒண்ணு செய்யுங்க தோன் நிக்கானோர். முட்டிய மடக்கி, குள்ளமா நில்லுங்க. அப்படியே தலைய உள்ள விட்டு எட்டிப் பாருங்க."

"இது என்ன புதுக் கூத்து?"

முனகிக்கொண்டே மடங்கினார். தலையைக் குழாய்ச் சட்டத்துக்குள் விட்டார்.

11.24.

திரையில் அது நின்றது.

சுற்று பாதியில் நின்றது. கைகள் தொங்கின. மெல்லத் திரும்பியது. எந்த வரைபடமும் இல்லாத, வெறும் சாம்பல் வெளியில் நடந்தது... அவருடைய பொம்மையை நோக்கி.

நாலு அடி. மூன்று. இரண்டு.

கையைத் தூக்கியது.

அவர் பொம்மையின் தோளில் வைத்தது.

"இன்ஜினியரம்மா..." குரல் சட்டத்துக்குள்ளிருந்து வந்தது. "கைய எடுங்க."

நான் நாற்காலியில் இருந்தேன். அவருக்கும் எனக்கும் நாலு மீட்டர்.

"அட, இழுக்காதீங்க... வந்துட்டேன், வந்துட்டேன்."

பின்னால் தள்ளாடி வெளியே வந்தார். சிரித்துக்கொண்டே திரும்பினார்.

என்னைப் பார்த்தார். தூரத்தைப் பார்த்தார்.

சிரிப்பு நின்றது.

11.26. திரையில் ஒரு பொம்மைதான் இருந்தது.

தோன் நிக்கானோர் சென்சார்களைக் கழற்ற ஆரம்பித்தார். வார்களை அவிழ்த்தார். ஒன்று சிக்கிக்கொண்டது. பிடுங்கி எறிந்தார். தோளைத் தடவிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

நான் எலிசோந்தோவுக்குப் போன் செய்தேன். 

"கையெழுத்துப் போட மாட்டேன் சார். குள்ளமா இருக்கறவங்களுக்குத் தலை உள்ள போகுது. தலை உள்ள இருக்கும்போதே பொத்தான் ரெண்டும் கைக்கு எட்டுது."

எதிர்முனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.  

"இத யாரு உங்ககிட்ட சொன்னா?"

"யாரும் சொல்லல. திரையில பாத்தேன்."

"தமேஸ்... உண்மையச் சொல்லுங்க. தொர்ரெயோன்லேந்து யாரு கூப்பிட்டா?"

தொர்ரெயோனில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு தொழிற்சாலை இருக்கிறது. என் கையெழுத்துக்குக் காத்திருக்காமல், வரைபடத்தை இரண்டு மாதம் முன்பே அங்கே அனுப்பியிருக்கிறார். பிரஸ்ஸைக் கட்டி முடித்து, அந்த வாரம்தான் ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். விடுமுறையிலும் ஓட்டினார்கள். அன்று காலை அதில் ஒரு பெண்ணின் தலை மாட்டியிருக்கிறது. இதெல்லாம் எனக்கு அவர் வாயாலேயே அப்போதுதான் தெரிந்தது.

திங்கட்கிழமை தொர்ரெயோனுக்குப் போனேன். அவள் பெயர் எர்லிந்தா ரான்ஹெல். வயது நாற்பத்தொன்று. சவப்பெட்டியை மூடியே வைத்திருந்தார்கள். அவள் தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவ உயரத்துக்கு ஏறி நிக்க ஒரு பலகை போட்டுக் குடுக்கச் சொல்லி மூணு நாளா கேட்டாளாமே. யாருக்குமே காதுல விழலியா?"

 கையெழுத்து இல்லாவிட்டாலும், வரைபடத்தின் மூலையில் சரிபார்த்தவர் என்று என் பெயர்தான் அச்சாகியிருந்தது.

விபத்து அறிக்கையை அன்று மாலை படித்தேன். அவள் உயரம் 151 சென்டிமீட்டர் என்று இருந்தது. நேரம் மட்டும் இடித்தது. இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான். இருந்தாலும் எங்கள் அறைக் கடிகாரத்தைச் சரிபார்த்தேன், கம்ப்யூட்டரைச் சரிபார்த்தேன். இரண்டும் சரியாகவே ஓடின. அவர்கள் பிரஸ்ஸும் நேரத்தைத் தானே பதிந்து வைத்திருந்தது. டாக்டர் சான்றிதழிலும் அதே நேரம்தான்.

காலை 10.52. உடனடி மரணம்.

அவள் என் திரையில் வந்து நின்றதற்குப் பதினைந்து நிமிடம் முன்பே.