சுரண்டிய கரி

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் எஞ்சின் ஆய்வுக்கூடத்தில் 'தீக்குச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் செய்த எஞ்சினில் பொறி தட்டும் பிளக் கிடையாது, அதற்கு இந்த நக்கல். அங்கே வெல்டராக இருக்கும் எனக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். மாமா கண்டுகொள்ளவே மாட்டார்.

எரிபொருளையும் காற்றையும் முன்கூட்டியே நன்றாகக் கலந்து சிலிண்டருக்குள் விட்டு அழுத்தினால், அந்தச் சூட்டில் அதுவாகவே மொத்தமாகப் பற்றும். புகை குறைவு, எரிபொருள் மிச்சம். ஆனால் எந்த நொடியில் பற்றும் என்பதுதான் தலைவலி. முந்திக்கொண்டால் பிஸ்டன் உடையும், பிந்தினால் எஞ்சின் அணைந்துவிடும். அந்த நொடியைப் பிடிக்க மாமா தன் ஆயுசையே கொட்டினார். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கிப் பார்ப்பார். சட்டென்று பற்றுகிற எண்ணெயையும் லேசில் பற்றாத எண்ணெயையும் மாற்றி மாற்றிக் கலப்பார். அக்கா பிரசவ வலியில் துடித்தபோதும் வெளியே உட்கார்ந்து அந்தக் கலவையைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார், பாவி மனுஷன். ஒருவழியாக எஞ்சின் வழிக்கு வந்தது.

மேலிடத்திலிருந்து பார்க்க வருவதாகச் சொன்னார்கள். பிடித்துப்போனால் வண்டியில் பொருத்துவார்கள். இல்லையென்றால் மாமாவின் அறையையே மூடிவிடுவார்கள். அவர்கள் வருவதற்கு முதல் நாள் போய்ப் பார்த்தால் மனுஷன் எஞ்சினைப் பிரித்து வைத்திருக்கிறார்.

"நல்லா ஓடுறதை எதுக்கு மாமா நோண்டுறீங்க?"

"கேமராவை விட்டு உள்ளே காட்டணுமாம் மாப்ள. கன்னங்கரேல்னு கிடக்கு. மானம் போயிடும்."

கரியெல்லாம் சுரண்டி, முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்து வைத்தார். நானும் துணி பிடித்தேன்.

மறுநாள் எல்லார் முன்னாலும் எஞ்சின் இருமி இருமி நின்றது. மாமாவுக்கு வியர்த்துக் கொட்டியது. காற்றின் சூட்டை ஏற்றினார், சட்டென்று பற்றும் எண்ணெயைக் கூட்டினார். பற்றியது. சிலிண்டர் சூடேறியதும் முன்னதாகவே பற்றத் தொடங்கி, சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டியது. அவர் சூட்டைக் குறைப்பதற்குள் ஒரே வெடிச்சத்தம். பிஸ்டன் போய்விட்டது.

உடைந்த துண்டைக் கையில் எடுத்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"கரியை எடுத்தது என் தப்பு சார். அதுதான் சூட்டை உள்ளே பிடிச்சு வச்சிருந்துச்சு. புது பிஸ்டன் போட்டுக் கொஞ்ச நாள் ஓட்டினா மறுபடி படிஞ்சிடும். பழைய மாதிரி ஓடும்."

வந்தவர்களில் மூத்தவர் கோபப்படவில்லை. தன்மையாகத்தான் கேட்டார்: "எல்லா வண்டியிலும் கரி ஒரே மாதிரியா சார் படியும்?"

மாமா அந்தத் துண்டைக் கீழே வைத்தார். "இல்ல சார்."

அந்த ஆள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். ஆனால் நியாயம் அவர் பக்கம் இருந்தது. மாமா பிடித்த நொடி அந்த ஒரு எஞ்சினுக்கு, அந்த ஒரு அழுக்குக்கு மட்டும்தான். அன்றைக்கே அறையைப் பூட்டினார்கள்.

மாமாவை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். கதவைத் திறந்த அக்கா ஆசையாகக் கேட்டாள்: "என்னங்க, நல்லபடியா ஓடுச்சா?"

"இத்தனை வருஷமா நான் ஒண்ணுமே பண்ணலடி," என்றார்.