மனுவின் கடைசி வரி

மூன்று வருடங்களுக்கு முன், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர்க் கூட்டம். கோயில் முன்னால் மணலில், வீட்டுக்கு ஓர் ஆணாக எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் பெரியப்பா இருந்தார். மாமா இருந்தார். மாமாவின் மகன், எனக்கு மச்சான், அவனும் இருந்தான். இருக்கவேண்டிய என் நைனா மட்டும் இல்லை. நெஞ்சு வலி என்று பொன்னேரி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார்.

ஏரியில் எந்த வீடு எந்த நாள் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று அன்றுதான் முறை பிரிப்பார்கள். அதைப் பாடு என்போம். தண்ணீரில் இறங்க ஆள் இல்லாத வீட்டுக்கு அந்த வருடம் பாடு கிடையாது. எங்கள் வீட்டுக்கு அதுதான் சோறு. மீஞ்சூரில் ஒப்பந்த வேலையில் எனக்கு வந்தது நைனாவின் மருந்துக்கே போதாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சின்ன வயதில் முகத்துவாரத்தில் அலை இழுத்துப் போனதிலிருந்து இடுப்பளவு தண்ணீரும் எனக்கு நடுக்கம்தான். நாலு பேர் முன்னால் பேசுவது அதைவிட நடுக்கம்.

அதனால் படித்தவன் செய்வதைச் செய்தேன். எங்கள் பாடு எங்களுக்கே வேண்டும் என்று பொன்னேரியில் இரண்டு பக்கத்துக்கு மனு டைப் அடித்து வாங்கினேன். அன்று காலை டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குள் போய் அதைச் சத்தமாகப் படித்துப் பழகினேன். அங்கே யாரும் குறுக்கே பேசவில்லை.

கூட்டத்தில் வாய் திறக்க வரவில்லை. மனுவைப் பெரியப்பாவிடம் நீட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. மச்சான் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தான். கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"நகல், வட்டாட்சியர்னு போட்டுகிறாம்பா!"

அவ்வளவுதான், ஆளாளுக்கு எழுந்துவிட்டார்கள். "ஏரி வெவகாரத்த ஊரு தாண்டி எடுத்துனு போறியா? உங்க நைனா இப்டி செஞ்சிருப்பாரா?" என்று மாமா கத்தினார். மனு என்றால் கீழே நகல் போடவேண்டும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், போட்டேன். யாருக்கும் அனுப்பவில்லை. இதைச் சொன்னால் போதும், சொல்லத்தான் வரவில்லை. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினவன் வீட்டுக்கு அபராதம் உண்டு, பாடும் போகலாம்.

"இன்னா வாத்தியாரே, பேப்பர் இல்லாம பேச வராதா?" என்றான் மச்சான்.

அவன் கையிலிருந்து மனுவைப் பிடுங்கிக் கிழித்தேன். ஏன் கிழித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு என் வாயிலிருந்து வந்த குரலும் வேறு யாருடையதோ போலத்தான் இருந்தது.

"யாருக்கும் அனுப்பல. எனக்கு வலை கட்டத் தெரியாது. தண்ணின்னா பயம். இங்க பேசறதுக்கும் பயம். ஆனா நைனா எடத்துல நான் எறங்கறேன். எங்க பாடு எங்களுக்கே இருக்கட்டும்."

போச்சு என்று நினைத்தேன். பெரியப்பா தலையைச் சொறிந்தார்.

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாடா? எதுக்கு ரெண்டு பக்கம் டைப்பு அடிச்ச?"

சிரிப்பு கிளம்பியது. கிண்டலா, பிரியமா, எனக்கு விளங்கவில்லை. பாடு எங்களுக்கே நின்றது. ஆனால் அந்தக் கடைசி வரிக்கு அபராதமும் விழுந்தது.

எங்கள் முறை வந்த முதல் நாள், மார்பளவு தண்ணீரில் வலைக்கான கழி ஊன்றினேன். கால் வெடவெடத்தது. அடுத்த கழியைப் பிடித்துக்கொண்டு நின்றது அதே மச்சான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

"ஆடாதடா, மீனு பயந்துடும்" என்றான்.

இப்போதும் ஏரியில் கால் வைத்ததும் பக்கத்துக் கழியைப் பிடித்துக்கொள்ளத்தான் செய்கிறேன். அன்று எனக்கு வந்தது தைரியமா வெட்கமா என்றும் தெளியவில்லை. ஆனால் பயத்தை ஊரறியச் சொன்ன பிறகும் ஒருவன் அங்கேயே நிற்கலாம் என்று தெரிந்துகொண்டேன். அதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு, டைப்புக்கு அறுபது, அபராதம் ஐந்நூற்றொன்று, ஆக ஐந்நூற்று அறுபத்தொரு ரூபாய்.