துக்க வீட்டின் திருவிழாத் தோழி

“மிசுஹாஷி கனாயோ: உங்கள் திருவிழாத் தோழி! மேளம் கேட்டால் இவர் கால் நிற்காது. கூட்டத்தைக் கண்டால் மனம் நிற்காது. ஜப்பானின் பன்னிரண்டு மாதக் கொண்டாட்டங்களுக்குள்ளும் உங்களைக் கைபிடித்து அழைத்துப் போவார். வாடாத புன்னகையே இவர் அடையாளம்.”

இணையத்தில் ஜப்பானிய மொழி கற்றுத்தரும் ஒரு நிறுவனத்தின் பக்கத்தில் இப்படிப் போட்டிருந்தது. எழுதியவன் டோக்கியோ அலுவலகத்தில் இருக்கும் சகாகிபரா. எழுதியபோது அவன் கனாயோவை நேரில் பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் பார்க்கவில்லை. பக்கத்திலே இருக்கும் புகைப்படம் ஒரு சித்தி மகள் கல்யாணத்தில் எடுத்தது. நீண்ட வாழ்த்துரைகள் ஒருவழியாக முடிந்த நிம்மதியில் அவள் முகம் மலர்ந்திருந்தது. மற்றவர்களை வெட்டிவிட்டு அந்த மலர்ச்சியை மட்டும் அனுப்பியிருந்தாள்.

ஐம்பதை நெருங்கும் கனாயோ தகாவோகாவில் பெற்றோர் வீட்டில் இருந்தாள். ஊரில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அச்சகம் மூடப்பட்டதும் இந்த வேலை கிடைத்தது. கூட்டம் என்றால் அவளுக்குத் தலைவலி. ஊரில் தேர் இழுக்கும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் போர்வை போர்த்திய சூட்டு மேசைக்குள் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, தேரைப் பற்றிக் கட்டுரை எழுதுவாள். சிறுவர் தினத்துக்குப் படம் பிடித்த மீன் கொடி எதிரே உள்ள பல் ஆஸ்பத்திரியுடையது. பேயை விரட்ட அவரைக் கொட்டையை வறுத்து வீசும் நாளில் அவள் வீட்டில் ஒரு கொட்டைகூட வீசப்பட்டதில்லை. யார் பெருக்குவது என்று அம்மா கேட்பாள். பண்டிகை வருவதைக் கனாயோ, அலங்காரப் பொருள்களும் விற்கும் மருந்துக்கடையின் அலமாரிகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். கோயில்களைவிட அவை எப்போதும் ஒரு மாதம் முன்னால் இருந்தன.

ஆனால் அவள் எழுதுவதைப் படிக்கக் காத்திருந்தவர்கள் நாற்பது நாடுகளில் இருந்தார்கள். ஊரில் உள்ளவர்கள் புத்தாண்டு அட்டை அனுப்புவதையே நிறுத்திக்கொண்டிருந்த காலத்தில், போலந்தில் ஒரு கணக்காளர் அட்டையின் எந்த மூலையில் பெயர் எழுத வேண்டும் என்று அவளிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விதி என்று ஒன்றைக் காட்டிவிட்டால் போதும், அந்த மாணவர்கள் அதை விடமாட்டார்கள்.

அந்த ஆண்டு அக்டோபரில் அவள் அப்பா தோக்குஜி இறந்துபோனார். அலுமினிய ஜன்னல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாவு நடந்த வீட்டில் அடுத்த புத்தாண்டு கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். வாசலில் வைக்கோல் அலங்காரம் இல்லை, மோச்சி என்ற அரிசிப் பலகாரத்தின் அடுக்கு இல்லை, சிவப்பும் வெள்ளையுமாக எதுவும் இல்லை. முக்கியமாக, “ஒமேதெத்தோ” என்ற வாழ்த்துச் சொல் வாயில் வரக்கூடாது. யாரும் நமக்கு அனுப்பிவிடக் கூடாதே என்று, நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம் என முன்கூட்டியே சாம்பல் நிற அட்டை அனுப்பிவிட வேண்டும்.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்குக்கு வந்த குருக்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்.

“நம்ம பிரிவுல தீட்டுன்னு ஒண்ணே கிடையாதும்மா. உங்க வீட்டுக்காரரு நேரா புத்தர்கிட்டப் போயிட்டாரு. நீங்க பாட்டுக்கு மோச்சி தின்னுங்க, கொண்டாடுங்க.”

“சரிங்க சாமி,” என்று அம்மா ஃபுசாயே நெற்றி தரையில் படக் குனிந்தாள். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் நிமிர்ந்தாள். “அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவாரு. எதிர்வீட்டு நோமுராகிட்ட யாரு பதில் சொல்றது? இங்க பாருடி, இந்த வருஷம் இந்த வீட்டுலேருந்து ஒரு ஒமேதெத்தோ வெளிய போகக் கூடாது. புரியுதா?”

“நான் யாருக்கும்மா சொல்லப்போறேன்?”

“உன் வேலையே அதானே.”

கனாயோ வாக்குக் கொடுத்தாள். வாக்குக் கொடுப்பது எளிதாகத்தான் இருந்தது. அப்பாவுக்காகச் செய்ய வேறொன்றும் பாக்கி இருக்கவில்லை. அழுகை இன்னும் வரவில்லை; இதையாவது செய்யலாம் என்று நினைத்தாள்.

டிசம்பர் தொடக்கத்தில் ‘குதூகல டிசம்பர்’ கட்டுரை அனுப்பச் சொல்லி அலுவலகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. அன்று காலைதான் துக்க அட்டைகளைத் தபாலில் போட்டிருந்தாள். தலைக்குள் வேறெதுவும் இல்லை. ஆகவே துக்க அட்டையைப் பற்றியே எழுதினாள். தன் வீட்டுச் சாவைச் சொல்லவில்லை. யார் இறந்தால் அனுப்ப வேண்டும், எந்த நிறத்தில், அதற்குப் பிறகு என்னென்ன செய்யக்கூடாது என்று விளக்கினாள். கடைசியில் கைப்பழக்கத்தால், எல்லாக் கட்டுரைக்கும் போடுகிற வரியைப் போட்டாள்: நீங்களும் ஒன்று எழுதிப் பாருங்கள்!

எழுதிவிட்டார்கள்.

போலந்துக் கணக்காளர் செத்துப்போன தன் நாய்க்காக எழுதினார். லாகோஸிலிருந்து ஒருவன் தரவரிசையில் கீழே இறங்கிப்போன தன் கால்பந்துக் குழுவுக்கு எழுதினான். லியோன் நகரத்துப் பெண் ஒருத்தி தன் கல்யாணத்துக்கே எழுதினாள். சாம்பல் நிறச் செவ்வந்திகூட வரைந்திருந்தாள். இவை வேடிக்கை. அப்புறம் வேடிக்கை இல்லாதவை வரத் தொடங்கின. மணிலாவில் ஒருத்தியின் அத்தை, கெய்ரோவில் ஒருவரின் அண்ணன். கடைசி வரியில் எல்லாரும் ஒரே பணிவோடு எழுதியிருந்தார்கள்: துக்கத்தில் இருப்பதால் புத்தாண்டு நேரலையில் கலந்துகொள்ள இயலாது, பொறுத்தருள்க. விதியைப் படித்தவர்கள் விதிப்படி நடந்தார்கள். இந்த நாட்டில் பிறந்தவர்கள் யாரும் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை.

சகாகிபரா கூப்பிட்டான்.

“மிசுஹாஷி சான், நன்றிங்க! இந்த வருஷத்துலயே இதுக்குத்தான் அதிகமா பதில் வந்திருக்கு. பிரமாதம்.”

“நன்றிங்க.”

“ஒரே ஒரு சின்ன விஷயம். எல்லாரும் துக்கத்துல உக்காந்துட்டாங்க.”

“ஆமாங்க.”

“புத்தாண்டு நேரலைக்கு யாரு வருவா? நம்ம வருஷத்துக்கே அதுதானே பெரிய நிகழ்ச்சி? நீங்கதான் அவங்கள உள்ள இறக்கினீங்க. நீங்கதான் வெளிய இழுக்கணும்.”

“சகாகிபரா சான், நானும் துக்கத்துலதான் இருக்கேன். அப்பா அக்டோபர்ல…”

“ஐயோ! ஆமால்ல! மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க. நான் மலர்கூட அனுப்பினேனே. எப்படி மறந்தேன்?” உண்மையாகவே வருந்தினான். பாவம், நல்லவன். வருந்தி முடித்ததும் அவன் குரலில் ஒரு வெளிச்சம் வந்தது. “அப்ப அவங்க மனசு உங்களுக்குத்தான் நல்லாப் புரியும். உங்களவிட இதுக்குச் சரியான ஆளே கிடையாது.”

“வேற யாராவது நேரலைய நடத்தலாமே?”

“நம்ம ஆபீஸ் நத்சுகி, அவன் மனைவி வீட்டாரோட குவாம் தீவுக்குப் போறான். நான் கேமரா முன்னால நின்னா திக்குவேன், உங்களுக்கே தெரியும்.”

“சரி, நான் நடத்தறேன். ஆனா அந்த வார்த்தைய மட்டும் சொல்லாம, ‘இந்த வருஷமும் உங்க தயவு வேணும்’னு சொல்லிக்கறேன்.”

“அது நாம ஆபீஸ் மெயில்ல எழுதறதுங்க. ஜனங்க வர்றது அந்தச் சொல்லுக்குத்தான். நீங்க சொல்லுவீங்க, எல்லாரும் சேர்ந்து சொல்லுவாங்க. ஒரே ஒரு தடவை. வாயத் திறந்து மூடினாப் போதும்.”

அவள் ஒப்பந்தம் ஜனவரியில் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பதை அவன் சொல்லவில்லை. சொல்லாமலே அவள் காதில் விழுந்தது.

கனாயோ அறிவிப்பு எழுதினாள்: வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த வழக்கம் கட்டாயமில்லை, மனமுவந்து கொண்டாடலாம், வாருங்கள். குருக்கள் அம்மாவிடம் சொன்னதும் ஏறக்குறைய அதுதான் என்பது எழுதி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாய்க்கும் கால்பந்துக் குழுவுக்கும் துக்கம் காத்தவர்கள் உடனே எழுந்து வந்தார்கள். அத்தையும் அண்ணனும் மெதுவாக வந்தார்கள். வராதவர் ஒருவர்தான்: உருகுவாயிலிருந்து அன்செல்மோ பெருத்தி.

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். மாணவர்கள் யார் எதைக் கேட்டாலும் கனாயோவுக்கு முன்னால் பதில் சொல்லிவிடுகிறவர். அவர் எங்கே போகிறாரோ அங்கே பாதிப் பேர் போவார்கள். அவரும் மனைவி ஒஃபெலியாவும் சேர்ந்துதான் இந்த மொழியைப் படிக்கத் தொடங்கினார்கள். ஒஃபெலியா மே மாதம் இறந்துபோனார். அன்செல்மோ கனாயோவுக்கு எழுதினார்:

“டீச்சர், உங்கள் அறிவிப்புக்கு நன்றி. ஆனால் நான் துக்கத்திலேயே இருக்க விரும்புகிறேன். ஆண்டு முடிவில் என் மகள்கள் என்னை மேசையில் உட்கார வைத்து, மகிழ்ச்சியாக இருங்கள் அப்பா என்று சொல்வார்கள். அவர்கள் நல்லவர்கள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதிய அட்டை ஒன்று உலகத்தில் இருப்பது எனக்கு இதற்கு முன் தெரியாது.”

கனாயோ அதை மூன்று முறை படித்தாள். அப்பா இறந்த பிறகு அவளுக்கு வந்த ஆறுதல்களிலேயே அவளுக்குப் புரிந்தது இது ஒன்றுதான். அதுவும் ஆறுதல் சொல்ல எழுதப்பட்டதில்லை.

சகாகிபரா மறுபடி கூப்பிட்டான். “பெருத்தி சான் வரலேன்னா தென்னமெரிக்காவே வராதுங்க. நீங்க தனியா ஒரு வார்த்தை எழுதினா வருவாரு.”

எழுதினாள். நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம், சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், இது என் வாக்கு என்று எழுதினாள். அவர் வருவதாகப் பதில் போட்டார். இப்படியாக, ஒரே சொல்லை வைத்து அவள் இரண்டு பேருக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். தான் சொல்ல மாட்டேன் என்று ஒருவருக்கு. நீங்கள் சொல்ல வேண்டாம் என்று இன்னொருவருக்கு.

ஆண்டின் கடைசி வாரத்தில் அலுவலகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பிளாஸ்டிக்கில் அடுக்கு மோச்சி, பிளாஸ்டிக்கில் ஆரஞ்சு, சிவப்பு வெள்ளைத் தோரணம். நேரலையில் பின்னால் வைப்பதற்காம்.

“இத யாருடி வீட்டுக்குள்ள கொண்டாரச் சொன்னா?” என்றாள் அம்மா.

“ஆபீஸ்லேருந்தும்மா.”

“அப்பா படத்துக்கு முன்னால இதக் கொண்டாந்து வெப்பியா? காருல கொண்டுபோய்ப் போடு.”

அதிலிருந்துதான் கனாயோவுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்று சொல்வதே அதிகம். வேறு வழியில்லாதவர்கள் ஒதுங்குகிற ஒரு மூலை.

புத்தாண்டுக் காலையில் பனி பெய்துகொண்டிருந்தது. தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் தொடர் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஆண்டுதோறும் பார்க்கிற ஒரே கொண்டாட்டம் அது. அம்மா வெறும் மோச்சியைச் சுட்டுக்கொண்டிருந்தாள். நேரலைக்கு நேரமானதும் கனாயோ கோட்டை மாட்டிக்கொண்டு செல்பேசியை எடுத்தாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“வேலைக்கு.”

“புத்தாண்டும் அதுவுமா எங்க வேலை?”

“காருக்குள்ள. வீட்டுலேருந்து போகக் கூடாதுன்னுதானே சொன்ன? கார் வீடு இல்லையே.”

அம்மா இடுக்கியைக் கீழே வைத்தாள். கத்தவில்லை. “கார் யாரு பேருல இருக்கு?” என்றாள்.

கனாயோ கோட்டுப் பொத்தானைப் போட்டாள்.

“இன்னும் உங்கப்பா பேருலதாண்டி இருக்கு,” என்று சொல்லிவிட்டு அம்மா மோச்சியைப் புரட்டினாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

போகவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. போனாள். அந்தச் சின்னக் காரில் அப்பாவின் கையுறை இருக்கைக்கு இடையில் செருகியிருந்தது. என்ஜினைப் போட்டாள், சூடு வரவில்லை. பிளாஸ்டிக் மோச்சியை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்துச் செல்பேசியை ஸ்டியரிங்கில் சாய்த்தாள். திரையில் முகங்கள் நிரம்பின. கிமோனோ கட்டியவர்கள், காகிதத் தொப்பி போட்டவர்கள், கட்டிலிலிருந்து எழாதவர்கள். ஒரு சதுரத்தில் அன்செல்மோ கறுப்பு டை கட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பின்னால் அவர் மகள்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு அங்கே பழைய ஆண்டு முடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

கனாயோ பேசினாள். பனியைக் காட்டினாள். மோச்சியைக் காட்டினாள், அது பிளாஸ்டிக் என்பதைச் சொல்லவில்லை. கடைசியில், “இந்த வருஷமும் உங்க எல்லாரோட தயவும் வேணும்,” என்று தலை வணங்கினாள். நிமிர்ந்தபோது எல்லாரும் காத்துக்கொண்டிருந்தார்கள். வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். போலந்துக் கணக்காளர் ஒரு கேள்விக்குறி போட்டார். அதன் கீழே இன்னும் பல கேள்விக்குறிகள் விழுந்தன. “மிசுஹாஷி சான், இப்ப!” என்று சகாகிபரா தட்டச்சு செய்தான்.

அவள் சொன்னாள்.

நாற்பது நாடுகள் திருப்பிச் சொன்னதில் கார் அதிர்ந்தது. அன்செல்மோவின் வாய் மூடியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அந்த நேரம் பார்த்துச் சகாகிபராவின் குரல் குறுக்கே வந்தது, உற்சாகத்தில் திக்காமலே.

“அருமை! இப்ப ஒவ்வொருத்தரா மைக்கைப் போட்டு டீச்சருக்குச் சொல்லலாமா? வயசுல மூத்தவர் முதல்ல. பெருத்தி சான்!”

அன்செல்மோ மைக்கைப் போட்டார். அவர் மகள்களின் சிரிப்பும் சேர்ந்து கேட்டது. அவர் சகாகிபராவைப் பார்க்கவில்லை. “டீச்சர்,” என்றார், “நான் சொல்லணுமா?”

சமையலறை ஜன்னலில் அம்மா நின்றுகொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

கனாயோ தலையை ஆட்டினாள். ஆம் என்று. அவர் ஒரு கணம் அவளையே பார்த்துவிட்டு, பிசகில்லாத உச்சரிப்பில் அதைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள்.

புத்தாண்டு நாளன்று மிசுஹாஷி கனாயோ செய்தது இதுதான்: இறந்துபோன அப்பாவின் பெயரில் இருந்த காருக்குள் உட்கார்ந்து, சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்த சொல்லைச் சொன்னாள், சொல்ல வேண்டாம் என்று வாக்குக் கொடுத்திருந்த மனிதரையும் சொல்ல வைத்தாள்.