இரண்டாவது மெஷின் எழுதிய டேப்புகள்

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் எனக்கு வேலை. நானும் என் மேலதிகாரியும் மட்டும்தான். வாராவாரம் பாகங்களின் வரைபடங்களை முதல் மெஷினில் உள்ளங்கையளவு டேப்பில் பதிவு செய்வோம். பிறகு அதை அந்த மெஷின் படிக்க, இரண்டாவது மெஷின் இன்னொரு டேப்பில் நகல் எழுதும். நகலை நான் ஸ்கூட்டியில் கொண்டுபோய், முதலியார்பேட்டையில் இருந்த கம்பெனியின் இன்னொரு அலுவலகத்து பீரோவில் பூட்டிவிட்டு வருவேன். மூன்று மாதம் கழித்து அசல் டேப்பை அழித்துப் புதிதாக எழுதுவோம். கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்ட பழைய வரைபடங்களுக்கு அந்த நகல்தான் மிச்சம்.

அந்த நகல்களை இதுவரை யாராவது திறந்து பார்த்திருக்கிறார்களா என்று ஒருநாள் கேட்டேன்.

"எதுக்கும்மா சந்தேகம்? காப்பி முடிஞ்சிதுன்னு ஸ்க்ரீன்ல வருதில்ல?" என்றார் மேலதிகாரி.

எனக்கு மனசு அடங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது, பீரோவிலிருந்து எடுத்து வந்திருந்த நான்கு பழைய நகல்களில் ஒன்றை முதல் மெஷினில் போட்டேன். படிக்க முடியவில்லை என்று வந்தது. அடுத்த இரண்டும் அப்படியே. நான்காவதைப் போட்டேன். அதையும் படிக்க முடியவில்லை.

வேறு வழி தெரியாமல் அதையே இரண்டாவது மெஷினில் தள்ளினேன். வரைபடங்களின் பட்டியல் மளமளவென்று இறங்கியது. பயம் போய், இது எப்படி என்ற குடைச்சல் வந்துவிட்டது.

மேலதிகாரி திரும்பி வந்ததும் காட்டினேன். நான்கு டேப்புகளையும் அவரே மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, "திங்கக்கெழம இந்த ரெண்டாவது மெஷின எடுத்துட்டுப் போவ ஆள் வருதும்மா" என்றார். பழசாகிவிட்டது என்று அதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்க ஏற்பாடாகியிருந்தது.

திங்கட்கிழமை சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் மெஷினைத் திறந்து பார்த்தார். "டேப்புல எழுதுற முனை, இந்த ஹெட், துளி சாஞ்சிருக்கு. சாஞ்சபடியே எழுதும், சாஞ்சபடியே படிக்கும். வேற மெஷினுக்கு அது தெரியாது."

"நிமித்தி வெச்சிட்டா?" என்று கேட்டேன்.

"அப்புறம் இதுவும் பழச படிக்காதுங்க."

"அப்ப இது எங்கயும் போவாது. புதுச வெச்சிட்டு நீங்க கெளம்புங்க" என்றார் மேலதிகாரி.

அடுத்த மூன்று வாரம் அதுவே எங்கள் வேலை. சாய்ந்த மெஷின் படிக்க, புதிய மெஷின் எழுதியது. எழுதியதை முதல் மெஷினில் படித்துப் பார்த்த பிறகே பெட்டியில் வைத்தோம். இரண்டு டேப்புகளை மட்டும் எதிலும் படிக்க முடியவில்லை. மற்ற எல்லாம் மீண்டன.

ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. மிகப் பழைய டேப் ஒன்றில், வால்வுகளுக்கும் மூடிகளுக்கும் நடுவே ஒரு வீட்டின் வரைபடம் இருந்தது. கூப்பிட்டுக் காட்டினேன். மேலதிகாரி வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"என் வீடும்மா. கட்றதுக்கு முன்னாடி சாப்பாட்டு நேரத்துல இங்கயே வரஞ்சேன். தொலஞ்சி போச்சின்னு நெனச்சேன்."

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கிழக்குச் சுவரில் விரலை வைத்து, "இங்க ஒரு ஜன்னல் போட்டிருக்கேன் பாரு. கட்றப்ப ஏன் வெக்காம வுட்டேன்னு தெரியலியே" என்றார்.