போய்விட்டார் என்று ஒரு மெசேஜ்

சம்பளம் கொடுத்து வேலை வாங்குவதைவிட, சம்பளம் கொடுக்காமல் வேலை வாங்குவதுதான் கஷ்டமான தொழில். கல்யாண வீட்டில் பந்தி பரிமாற ஆள் பிடித்தவர்களுக்கும், அபார்ட்மெண்ட் சங்கத்தில் செயலாளராக மாட்டிக்கொண்டவர்களுக்கும் நான் சொல்வது புரியும். திட்ட முடியாது. லீவு போட்டால் ஏன் என்று கேட்க முடியாது. நன்றி மட்டும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு நாலைந்து நாடுகளில் ஆபீஸ் இருக்கிறது. அங்கே இருக்கும் இன்ஜினியர்கள் வாரத்தில் சில மணி நேரம் ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்துக்குத் தங்கள் தொழிலை ஓசியில் செய்து கொடுப்பார்கள். இதற்குப் புரோ போனோ என்று கௌரவமான பெயர். யாருக்கு யார் என்று ஜோடி சேர்த்து, வேலை முடியும்வரை இரண்டு பக்கமும் சண்டை வராமல் பார்த்துக்கொள்வது மதுரையில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்திருக்கும் என் பொறுப்பு. கல்யாணத் தரகர் என்று என் கணவர் கிண்டல் செய்வார். தரகருக்காவது கல்யாணச் சாப்பாடு உண்டு.

எவ்வளவு லேட் ஆகலாம்?

ஜெசிந்தா டீச்சர் மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். நானும் அவரிடம் படித்தவள்தான். சிறுநீரகம் பழுதானவர்களை ஊர்களிலிருந்து மதுரைக்கு டயாலிசிஸுக்கு அழைத்து வந்து, முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட ஒரு வேன் வைத்து நடத்துகிறார். திங்கள், புதன், வெள்ளி கொட்டாம்பட்டிப் பக்கம். செவ்வாய், வியாழன், சனி சமயநல்லூர், வாடிப்பட்டிப் பக்கம். யாரை எங்கே எத்தனை மணிக்கு ஏற்ற வேண்டும் என்பது டீச்சர் தலையிலும் டிரைவர் பாண்டி அண்ணன் தலையிலும் மட்டுமே இருந்தது. ஒருமுறை டீச்சர் காய்ச்சலில் படுத்தபோது ஒரு நோயாளியை ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். அந்தப் பயத்தில்தான் ஒரு ஆப் செய்து கொடுக்கச் சொல்லி என்னிடம் வந்தார்.

நான் போலந்திலிருந்து மாரெக்கையும் மணிலாவிலிருந்து லீசாவையும் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள். முதல் வீடியோ காலிலேயே மாரெக் கேட்டான்: வண்டி அதிகபட்சம் எவ்வளவு லேட் ஆகலாம்? நான் தமிழில் சொன்னேன். டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அவனையே பார்த்துப் பதில் சொன்னார்.

"அரை மணி லேட்டானா மெஷினை அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க. ஒரு தடவை தவறுனா மூச்சு முட்டும். ரெண்டு தடவை தவறுனா நான் மாலை வாங்கிக்கிட்டுப் போகணும். இதையும் அந்தத் தம்பியை எழுதிக்கிறச் சொல்லு, கிரேஸ்."

கண்மாய்க்குள் ஒரு வீடு

மாரெக்குக்கு எல்லா வீடும் மேப்பில் புள்ளியாக வேண்டும். கொட்டாம்பட்டிப் பக்கத்து முகவரிகளை அவன் கம்ப்யூட்டரில் போட்டான், அதுவும் வஞ்சகமில்லாமல் புள்ளி வைத்தது. சோதனை ஓட்டத்துக்கு நானும் வேனில் ஏறிக்கொண்டேன். போன் சொன்னபடியே பாண்டி அண்ணன் திரும்பினார், மறுபடி திரும்பினார், ஒரு கண்மாய்க் கரைமேல் ஏற்றிக்கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் தண்ணீர். "நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்றது போன்.

உள்ளே ஏற்கெனவே மூன்று நோயாளிகள் இருந்தார்கள். கரைமேல் வண்டியைத் திருப்ப இடமில்லை. மெஷின் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பாண்டி அண்ணன் வாயைத் திறக்காமல் அவ்வளவு தூரமும் ரிவர்ஸிலேயே வந்தார். கடைசி ஆளை ஏற்றி, ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்து இறக்கிய பிறகுதான் மனிதர் பேசினார். மாரெக் அவர் வாயில் மாரி ஆகியிருந்தான்.

"மாரி தம்பிகிட்ட சொல்லுங்க மேடம், நம்ம பேஷண்ட் யாருக்கும் மீன் பிடிக்கத் தெரியாது."

இருபத்திரண்டு வரிகள்

புள்ளிகளையெல்லாம் பாண்டி அண்ணனே திருத்திக் கொடுத்தார். அடுத்தது மெசேஜ். வண்டி கிளம்பியதும், சேர்ந்ததும், சிகிச்சை முடிந்து புறப்பட்டதும் வீட்டுக்குத் தானாகவே தகவல் போக வேண்டும். லீசா ஆங்கிலத்தில் இருபத்திரண்டு வரி அனுப்பினாள். டீச்சருக்கு அனுப்பித் தமிழாக்கியிருக்கலாம். ஆனால் ஒற்று எங்கே, ஒருமை பன்மை எங்கே என்று சிவப்பு மையில் ஒரு வாரம் இழுத்துவிடுவார் என்று நினைத்து, இரண்டு மீட்டிங்குக்கு நடுவில் நானே உட்கார்ந்து எழுதித் தள்ளிவிட்டேன். கிளம்பிப் போய்விட்டவருக்குப் "போய்விட்டார்". வந்து சேர்ந்தவருக்கு "வந்துவிட்டார்". கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது.

இன்னொருவர் படித்துப் பார்த்தாரா என்று லீசா கேட்டாள். எங்கள் விதியே அதுதான், அந்த விதியை எழுதியதும் நான்தான். என் தாய்மொழி லீசா, இதற்கு எதற்கு இன்னொருவர் என்று பதில் போட்டேன். அவள் கட்டைவிரலை உயர்த்தி ஒரு பொம்மையும், கூடவே ஒரு வரியும் அனுப்பினாள்.

"சரி, உங்கள் மொழியில் நீங்கள் தப்புச் செய்யப்போவதில்லை."

வியாழக்கிழமை

சமயநல்லூர் சிக்கந்தர் பாய் எங்கள் வேனில் வரும் நோயாளி, தொழில் டெய்லர். போனை மனைவி ஷமீமா அக்காவிடம் விட்டுவிட்டுத்தான் டயாலிசிஸுக்கு வருவார். மெஷினில் படுத்திருக்கும்போது பிளவுஸ் தைத்தாயிற்றா என்று போன் வருமாம். அன்றுதான் ஆப்புக்கு முதல் நாள், காலையில் எல்லோரையும் கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் மெசேஜைத் திறந்துவிட்டோம். மதியம் சிகிச்சை முடிந்து அவர் வேனில் ஏறியதும் பாண்டி அண்ணன் பட்டனை அழுத்தினார். வீட்டுப் போனில் மெசேஜ் விழுந்தது. பெயர்: சிக்கந்தர். நிலை: போய்விட்டார். நேரம்: 1.10.

ஷமீமா அக்கா அலறியதில் தெரு கூடிவிட்டது. அவருடைய தம்பி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறார். எடுத்த நர்ஸ் பாவம், "சிக்கந்தர் பாயா? அவரு போயி பத்து நிமிஷம் ஆச்சே" என்றிருக்கிறார். அதற்குமேல் கேட்கத் தம்பிக்கு என்ன இருக்கிறது? பள்ளிவாசலுக்கு ஆள் ஓடியது. அழுதுகொண்டே ஷமீமா அக்கா டீச்சருக்குப் போன் செய்ய, டீச்சர் எனக்குப் போன் செய்து, "என்னடி எழுதி வச்சிருக்க?" என்றார். அந்த நொடியில்தான் நான் எழுதியது என் காதில் விழுந்தது. பாண்டி அண்ணனுக்குப் பதினோரு தடவை போன் அடித்தேன். வண்டி ஓடும்போது டிரைவர் போன் ஒலிக்கவே கூடாது என்று மாரெக் ஒரு பூட்டுப் போட்டிருந்தான். கேட்டு வாங்கியதும் நான்தான்.

உயிரோடு வருகிறார் என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொல்லியும் அந்த வீட்டில் கேட்கிற நிலையில் யாரும் இல்லை. வாசலில் பிளாஸ்டிக் சேர் வந்து இறங்கியிருந்தது. பள்ளிவாசலில் மரண அறிவிப்புக்கு மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அப்போது வேன் தெருவுக்குள் நுழைந்தது. சிக்கந்தர் பாய் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மெதுவாக இறங்கி, கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டிருக்கிறார்.

"என்ன இம்புட்டுக் கூட்டம்? யாரு மௌத்து?"

சனிக்கிழமை

நடந்ததைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெசேஜ் எல்லாவற்றையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். சனிக்கிழமை வேன் வழக்கம்போலத் தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தது. சிக்கந்தர் பாய் வரவில்லை. பாண்டி அண்ணன் இறங்கிப்போய்க் கூப்பிட்டார். ஷமீமா அக்கா கதவைப் பாதி திறந்து, தம்பி ஆட்டோ கொண்டுவருகிறான், அதில் போய்க்கொள்வோம் என்றார். மற்ற நோயாளிகளுக்கு நேரமாகிறது. வண்டி கிளம்பிவிட்டது.

ஆட்டோ வழியில் பஞ்சராகி அவர்கள் வந்து சேர்வதற்குள் மெஷினில் வேறு ஆள் படுத்துவிட்டார். ஒரு தடவை தவறியாயிற்று. சாயங்காலம் பாண்டி அண்ணன் போன் செய்தார். குரலில் வழக்கமான நக்கல் இல்லை.

"அந்தக்கா சொல்றதும் நியாயந்தான் மேடம். மௌத்துன்னு சொன்ன வண்டியில மறுபடி எப்படி ஏத்துவேன்னு கேக்குறாங்க. நான் என்னத்தைச் சொல்ல?"

எழுதியது யார்?

ஞாயிற்றுக்கிழமை காலை டீச்சர் பூசைக்குப் போகாமல் என்னோடு சமயநல்லூருக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் கெஞ்சி மதியத்துக்கு ஒரு மெஷின் வாங்கி வைத்திருந்தார். பாண்டி அண்ணன் வேனைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு நின்றார். சிக்கந்தர் பாய் கட்டிலில் தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வாங்குகிறதாம். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. என்னை உட்காரச் சொல்ல ஒரு வார்த்தை எடுத்தவர், பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சொன்னார்.

கம்ப்யூட்டர் தப்பு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த வீங்கிய கால்களைப் பார்த்ததும் முடியவில்லை. "அதை எழுதினது நான்தான் அக்கா" என்றேன். ஷமீமா அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெளிநாட்டுக்காரங்க தெரியாம எழுதிட்டாங்கன்னு மனசை ஆத்திக்கிட்டு இருந்தேன். நீங்க நம்ம ஊருதானே?"

என்ன போட வேண்டும்?

தலையைக் குனிந்துகொண்டேன். மணி போய்க்கொண்டிருந்தது. டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் சிக்கந்தர் பாயைப் பார்ப்பதுமாக இருந்தார். கடைசியில் நான், என்ன போட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள், அதைத் தவிர வேறு ஒரு எழுத்தும் போக மாட்டேன் என்று அழாத குறையாகச் சொன்னேன். போக மாட்டேன் இல்லை, போகாது. வாய் குழறியது. ஷமீமா அக்கா கணவரின் கால்மேல் போர்வையை இழுத்துவிட்டார். பிறகு, "போனாரு, முடிஞ்சாரு எல்லாம் வேணாம். வாராருன்னு போடுங்க. அது போதும்" என்றார்.

சந்தில் நின்றே லீசாவைக் கூப்பிட்டேன். அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதான், முடியாது என்று சொல்ல எல்லா உரிமையும் உண்டு. பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டாள். இந்த முறை அனுப்பும் முன்னால் டீச்சர் படித்துப் பார்த்தார், சிவப்பு மை தேவைப்படவில்லை. பாண்டி அண்ணன் தோள் கொடுக்க, வாசற்படியில் நின்று சிக்கந்தர் பாய் மனைவியைத் திரும்பிப் பார்த்து, இருக்கிற மூச்சில் "வாரேன்" என்றார். "வாங்க" என்றார் அவர். சாயங்காலம் நாலரை மணிக்கு வேன் ஆஸ்பத்திரியிலிருந்து புறப்பட்டதும் என் போன் அடித்தது. ஷமீமா அக்கா.

"மெசேஜ் வந்துருச்சு. அவரும் வந்து சேரட்டும், உங்களை மன்னிக்கிறதைப் பத்தி அப்புறம் பேசிக்கிருவோம்."

மாரெக்கின் சந்தேகம்

முக்கால் மணி கழித்து போன் மறுபடி அடித்தது. "வந்துட்டாரு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஷமீமா அக்கா வைத்துவிட்டார். மன்னிப்பைப் பற்றிப் பேச்சு வரவில்லை. எனக்கு அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

செவ்வாய்க்கிழமை சிக்கந்தர் பாயை ஏற்றிய பிறகு, மாரெக் வீடியோ காலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்ததாகச் சொன்னான். வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாராரு, ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினாலும் வாராரு என்று வருகிறதே, அப்படியென்றால் இந்த மனிதர் எப்போதுதான் போகிறார்? நான் விளக்க வாயெடுப்பதற்குள், ஆஸ்பத்திரி வாசலில் டீ குடித்துக்கொண்டே எங்களோடு போனில் சேர்ந்திருந்த பாண்டி அண்ணன் முந்திக்கொண்டார். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார், எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

"போறவங்களை ஏத்துறதுக்கு வேற வண்டி இருக்கு, மாரி தம்பி. நம்ம வண்டியில எல்லாரும் வாரவங்கதான்."

போலந்துக்கும் மணிலாவுக்கும் நன்றிச் சான்றிதழ் அனுப்பியாயிற்று, ஆனால் இந்தத் திட்டத்திலேயே உருப்படியான ஒரே தமிழ் வார்த்தையை ஓசியில் எழுதிக் கொடுத்த ஷமீமா அக்காவை எந்த நாட்டு ஆபீஸ் பட்டியலில் சேர்ப்பது என்றுதான் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.