மட்டை படாத சுவர்

எங்கள் பிறந்த வீட்டில் மேற்கு அறையின் ஒரு சுவர் மட்டும் பழுத்த வெற்றிலை நிறத்தில் இருக்கும். மற்ற சுவர்களெல்லாம் பொங்கலுக்குப் பொங்கல் சுண்ணாம்பு கண்டு பளிச்சென்று நிற்க, இது மட்டும் எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குப் புகையுமாக, குளிக்காத பிள்ளை போல் நிற்கும். அதன் நடுவில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய நீலம். முதல் தடவை வருகிற விருந்தாளி யாராக இருந்தாலும், "ஏனுங்க, சுண்ணாம்பு பத்தாமப் போச்சுங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. அம்மா காது கேட்காதவள் மாதிரி உட்கார்ந்திருப்பாள். நங்கை மோர் கொண்டுவருகிற சாக்கில் உள்ளே போய்விடுவாள். இருவரும் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

நங்கை என்றால் அண்ணனின் மனைவி. எங்கள் பக்கத்தில் அண்ணி என்று சொல்வதில்லை. ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மல்லசமுத்திரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிது. எதையும் பத்துத் தரம் யோசித்துத்தான் தொடங்குவாள், தொடங்கிவிட்டால் யார் சொன்னாலும் விடமாட்டாள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் காலத்தில் அதற்கு என்ன வழி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், இன்னொருத்தியைக் கட்டிவைப்பதுதான். அம்மாவே அந்தப் பேச்சை ஒருமுறை எடுத்தாள். அண்ணன் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். பேச்சு அன்றோடு நின்றதே தவிர முடிந்துவிடவில்லை என்பது வீட்டுப் பெண்கள் எங்கள் மூன்று பேருக்குமே தெரியும்.

எனக்குப் பள்ளிபாளையத்தில் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. ஐயன், அதாவது அப்பா, திடீரென்று தவறியதால் கல்யாணம் ஒருமுறை தள்ளிப்போயிற்று. பிறகு அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்து இன்னொரு முறை தள்ளிப்போயிற்று. மூன்றாவதாக வைகாசியில் நாள் குறித்தபோது மாப்பிள்ளையின் தகப்பனார் எங்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "இன்னொருக்காத் தள்ளுச்சுன்னா நாங்க வேற எடம் பாத்துக்கறமுங்க, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனசில் வைத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பது? அந்த வார்த்தை எனக்கு நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது. ராத்திரி தூக்கத்தில்கூட மாட்டு வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்கும்.

பந்தல் எங்கள் வீட்டில். துக்க வருஷத்தில் சுண்ணாம்பு அடிக்கவில்லையாதலால் வீடு இருண்டு கிடந்தது. அம்மா தாலி இழந்தவள், நல்ல காரியத்தில் கை வைக்கமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டாள். ஆகவே வீட்டைத் தயார் செய்வது முழுக்க நங்கையின் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்கிறேனே, அவள் அதைத் தாவிப் பிடித்துக்கொண்டாள் என்பதுதான் நிஜம். முற்றத்தில் நின்று சுவர் சுவராகப் பார்த்தாள். கூடத்துக்கு லேசான நீலம், அடியில் முழங்கால் உயரத்துக்குக் காவிப் பட்டை, சமையலறைக்கு வெறும் வெள்ளை என்று முடிவு செய்தாள். எந்த அறையை முதலில் காலி செய்வது, அங்குள்ள சாமான்களை எங்கே அடைப்பது, அடுப்பை எங்கே மாற்றுவது என்று நாலு நாள் அதே பேச்சு. எல்லாச் சாமானையும் தன் மேற்கு அறையிலேயே குவிப்பதென்றும், அந்த அறையைக் கடைசியில் பார்த்துக்கொள்வதென்றும் ஏற்பாடாயிற்று. "நம்மள மாப்பள ஊட்டுக்காரங்க பாக்கறதுக்கா வாராங்க? அம்முணியப் பாக்கத்தான் வாராங்க" என்றாள். சுற்றத்தில் சின்னப் பெண்ணை அம்முணி என்று செல்லமாகக் கூப்பிடுவது வழக்கம்.

வேலைக்கு வந்த மேஸ்திரி, சுவர் சுரண்டும் கரண்டியையும் சுண்ணாம்பு அடிக்கும் நார் மட்டையையும் கீழே வைக்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "ஏனுங்கம்மா, ஊட்டுல மாசமா இருக்கறவங்க ஆராச்சும் இருக்கறாங்களா?" பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரில் ஆணி அடிப்பதோ, சுரண்டுவதோ, பொந்தை அடைப்பதோ எங்கள் பக்கத்தில் கூடவே கூடாது. சுவருக்குச் செய்வது வயிற்றுப் பிள்ளைக்கு ஊனமாக வந்து சேரும் என்பார்கள். எந்த மேஸ்திரியும் இதைக் கேட்காமல் வேலையைத் தொடமாட்டார்.

"இல்லீங்க. நீங்க ஆரம்பியுங்க" என்றாள் நங்கை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்காமலேயே, "அப்பிடி ஒருத்தி இருந்திருந்தா நான் செவுத்தப் பத்தியா ரோசன பண்ணிட்டிருப்பேன்" என்றாள். எனக்கு அம்மா மேல் அன்றைக்கு வந்த ஆத்திரத்தை இன்று நினைத்தாலும் முகம் சூடாகிறது. நங்கை தொட்டிக்குத் தண்ணீர் சேந்தப் போனாள்.

சுண்ணாம்பு அடிப்பது என்றால் ஏதோ மட்டையைத் தோய்த்து இழுப்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அடிக்கிற நாள் கொஞ்சம், ஆயத்தம் பண்ணுகிற நாள்தான் அதிகம். கல் சுண்ணாம்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டதும் அது கொதித்துப் பொங்கி அடங்க வேண்டும், பிறகு ஊற வேண்டும். இதற்குள் பழைய பொருக்கையெல்லாம் சுரண்டி எடுத்து, வெடிப்புகளுக்கு மணலும் சுண்ணாம்பும் குழைத்து அடைத்து, சமையலறைக் கரியைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவியாக வேண்டும். வீடு முழுக்கத் தோலுரிந்து, ஒரு திருடன் வந்தால்கூடப் பாவப்பட்டுப் போய்விடுவான் போலிருந்தது. ஊறிய சுண்ணாம்பைத் துணியில் வடிகட்டி, ஒட்டிக்கொள்ளக் கஞ்சி சேர்த்து, நீலப் பொடியைக் கலக்கினார்கள். அதை எடுத்த எடுப்பில் கூடத்தில் அடிக்க நங்கை சம்மதிக்கவில்லை. ஒரு கை அள்ளித் தன் அறைச் சுவரில் தேய்த்தாள். ஈரத்தில் அது கருநீலமாக இருந்தது. எட்டிப் பார்த்த அண்ணன், "கல்யாண ஊட்டுக்கு இந்தக் கலரா?" என்று பதறினார். "காயறதுக்குள்ள என்னங்க அவசரம்? போயி மாட்டுக்குத் தண்ணி காட்டுங்க" என்று விரட்டினாள். சாயங்காலம் பார்த்தால் சுவரில் வானத்து நீலம்.

மறுநாள் காலை மேஸ்திரி கஞ்சி கலந்த சுண்ணாம்பைக் கிளறினார். அந்த வாடைக்கு நங்கை வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் நான் பின்னாலேயே போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. நான் சின்னப் பெண்தான், ஆனால் முட்டாள் இல்லை.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்முணி."

"ஐயோ, சொல்லாம எப்பிடிங்க? செவுத்தையெல்லாம் அங்கங்க இன்னும் சொரண்டிட்டு இருக்கறாங்களே!"

"சொன்னா வேல நின்னுபோகும். இந்த லட்சணத்துல பந்தல் போட முடியுமா? நாள் தள்ளிப்போச்சுன்னா அவிய வேற எடம் பாத்துக்குவாங்க. கல்யாணம் முடியட்டும். அதுக்கப்பறம் நானே சொல்றேன்."

"உங்களுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா?"

ஏதாவது ஆகிவிட்டால் ஊர் யாரைச் சொல்லும், அந்த இன்னொருத்திப் பேச்சு எவ்வளவு சீக்கிரம் திரும்பி வரும் என்பதெல்லாம் என்னைவிட அவளுக்குத் தெரியும். அத்தனை வருஷம் கோயில் கோயிலாக நடந்து வாங்கிய ஒன்றை என் கல்யாணத்துக்காகப் பணயம் வைக்கிறாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "என்ற தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு சாமி" என்று என் கையைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே அம்மா எழுந்து வந்தாள். கூடத்து வேலையை நங்கை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். "மேஸ்திரி, மேக்கால அறையில கை வெக்காதப்பா. வெத நெல்லு கெடக்குது, தூசி படக்கூடாது" என்றாள் அம்மா. பிறகு நங்கையிடம் திரும்பி, "நீ இங்க நின்னு என்ன கிழிக்கற? போயி அந்த வெத நெல்லுகிட்ட உக்காரு. எலி வந்து கொறிக்குது. வேலய நான் பாத்துக்கறேன்" என்று அதட்டினாள். நல்ல காரியத்தில் கை வைக்கமாட்டேன் என்றவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கூடத்தின் நடுவில் போய் நின்றாள். எல்லோர் முன்னாலும் விரட்டப்பட்ட நங்கைக்கு முகம் செத்துப்போயிற்று. இத்தனை நாள் பாடுபட்டுத் திட்டம் போட்டதெல்லாம் எலியை விரட்டத்தானா என்று அறையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள். அம்மா எவ்வளவு கல் நெஞ்சுக்காரி என்று நானும் சேர்ந்து அழுதேன்.

வேலை முடிந்தது. கூடம் வானம் போல் ஆயிற்று. வைகாசியில் பந்தல் போட்டு எனக்குக் கல்யாணமும் ஆயிற்று. மறுவீட்டுக்கு நானும் அவரும் வந்திருந்தபோது, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் அம்மா அண்ணனைப் பார்த்து, "இனிமே உன்ற பொண்டாட்டியக் கெணத்துல தண்ணி சேந்த உடாத. வயித்துப் புள்ளக்காரி" என்றாள். அண்ணனுக்குக் கையிலிருந்த சோறு இலையில் விழுந்தது. நங்கை கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அத்தை, உங்களுக்கு எப்பிடீங்க..."

"நானும் ரெண்டு பெத்தவதான். நீ படுக்கற அறையில கரண்டியும் படல, மட்டையும் படல. அப்பறம் என்ன பயம்? குழம்ப ஊத்து."

ஊர் முழுவதும் நம்பிய வழக்கத்தை அம்மா ஓர் அறைக்குள் சுருக்கிவிட்டாள். அது செல்லும் என்று அவளுக்கு யார் சொன்னது என்று தெரியாது. அவளுக்கும் உள்ளூரப் பயம் இருந்திருக்கும். நங்கை வாய் விட்டுச் சொன்னால் நிறுத்தியாக வேண்டும் என்றுதான் கேட்காமலே இருந்திருக்கிறாள். தை பிறந்து, பையன் பிறந்தான். கை கால் எல்லாம் கச்சிதம். அழுகை மட்டும் தாயின் குரல்.

அடுத்த பொங்கலுக்கு அந்த அறையின் மூன்று சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். நாலாவது சுவரில் நங்கை குழந்தையோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அம்மா பார்த்துவிட்டு, "அது இருக்கட்டும், உடுங்க" என்றாள். அன்று முதல் அது அப்படியே இருந்துவிட்டது.

அம்மா போன வருஷம் தவறிவிட்டாள். கடைசியாக நான் பார்க்கப் போயிருந்தபோது படுக்கையிலிருந்தே அந்தச் சுவரைக் காட்டி, "பாக்கவே சகிக்கல. நானா இருந்தா என்னைக்கோ அடிச்சுப்போட்டிருப்பேன். உன்ற நங்கைக்கு அது மேல உசுரு, அதுக்குத்தான் பேசாம உட்டுட்டேன்" என்றாள். துக்க வருஷம் முடிந்து இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க நங்கை ஏற்பாடு செய்தாள் என்று கேட்டு நானும் போயிருந்தேன். அதே மேஸ்திரி, தலை மட்டும் நரைத்துவிட்டது. அதே கேள்வியைக் கேட்டார். "இல்லீங்க. தகிரியமா அடியுங்க" என்று நங்கை சிரித்தாள். மேற்கு அறைக்கு வந்ததும் அவர் வழக்கம் போல் அந்தச் சுவரை விட்டுவிட்டு நகரப் பார்த்தார்.

"அதையும் அடிச்சுப்போடுங்க மேஸ்திரி" என்றாள் நங்கை.

எனக்குத் திக்கென்றது. "நங்கை, அது உங்களுக்குப் புடிச்ச செவுராச்சேங்க?"

"எனக்கா? நல்லாச் சொன்ன போ. எந்தக் காலத்துலயும் எனக்கு இது புடிக்காது அம்முணி, அறையே இருட்டுக் கட்டிக் கெடக்கும். அத்தைக்குத்தான் இது மேல உசுரு. அவிய மனசு நோகுமேன்னு இத்தன வருசம் வாயத் தொறக்கல."

அம்மா சொன்னதை நான் சொன்னேன். நங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை, நானும் அவளோடு அழுதேன். மேஸ்திரி ஒன்றும் புரியாமல் மட்டையோடு நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நங்கை அவர் கையிலிருந்து அதை வாங்கி, தொட்டியில் தோய்த்து, அந்த நீலத்தின் மேல் முதல் இழுப்பை இழுத்தாள். நீலம் அப்படியேதான் தெரிந்தது, பழுப்பும் தெரிந்தது.

"ஒண்ணும் மாறலீங்களே" என்றேன்.

"காயட்டும் இரு" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் எதிர்ச் சுவரோரமாக உட்கார்ந்து, அது வெளுக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தோம்.