சுவிட்சை விட்டு நகராத உமைமா

ஆம்பூர் பஜாரை ஒட்டிய சந்தில் உமைமாவுக்கு ஒரு கடை. ஸ்டிக்கர், ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை, ஷூ கம்பெனிகளுக்கு லேபிள் என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பாள். தமிழ், உருது, இங்கிலீஷ் மூன்றிலும் அவள் விரல் தடுமாறாமல் ஓடும். கணவன் யாசிர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். போர்டு மாட்டுகிற வேலைக்கு அன்பரசன் இருந்தான். எவ்வளவு உயரமானாலும் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவான். பள்ளிகொண்டா பக்கத்திலிருந்து அந்த ஆர்டர் வருகிறவரை அவள் வாழ்க்கையில் சொல்லும்படியாக ஒன்றும் நடந்ததில்லை.

அது கோழித் தீவனம் செய்கிற ஃபேக்டரி. மேனேஜர் சுப்பராயன் இங்கிலீஷில் இருந்த பாதுகாப்புக் குறிப்புகளைப் போனில் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார்.

"இத தமிழ்ல போட்டு பத்து போர்டு வேணும்மா. ஸ்ட்ராங்கா இருக்கணும். இன்ஸ்பெக்‌ஷன் வருது."

தானியத்தில் என்ன ஆபத்து இருந்துவிடப் போகிறது என்றுதான் உமைமா நினைத்தாள். தோல் பதனிடும் டேனரிக் கழிவுத் தொட்டியில் இறங்கி மேலே வராமல் போனவர்களைப் பற்றி அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். சோளம் அப்படியா? ஆனால் ஒவ்வொரு வரியாகத் தமிழாக்க ஆரம்பித்ததும் அவள் கை மெதுவானது.

ஈரம் பட்ட சோளம் மேலே பாளமாகக் கட்டிக்கொள்ளும். பார்க்கத் தரை மாதிரி இருக்கும். அடியில் மெஷின் சோளத்தை உருவிக்கொண்டே இருப்பதால் உள்ளே பள்ளம் விழுந்திருக்கும். மேலே நிற்கிறவன் பாளத்தோடு உள்ளே போவான். மெஷின் ஓடும்போது இறங்காதே. பெல்ட்டும் கயிறும் இல்லாமல் இறங்காதே. மாட்டிக்கொண்டவனைக் கயிறு கட்டி இழுக்காதே, சோளம் அவனை விடாது. அவனைக் காப்பாற்ற நீயும் குதிக்காதே.

சாப்பாட்டுக்கு வந்த யாசிர் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தான்.

"இன்னா இது, சோளமா, மரணக் கிணறா?"

"கலிமா சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆளு மறைஞ்சிடுவானாம்," என்றாள் உமைமா. அவன் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

படங்களையும் அவளே வரைந்தாள். தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் வேலை செய்வார்களே என்று ஒவ்வொரு போர்டிலும் கீழே உருதுவில் ஒரு வரி சேர்த்தாள். அதை யாரும் கேட்கவில்லை, காசும் தரப்போவதில்லை. கெட்டியான அலுமினியத் தகட்டில் அடித்து, ஃபைலைச் சுப்பராயனுக்கும் ஒரு காப்பி அனுப்பிவிட்டு, சின்ன லோடு வண்டியில் அன்பரசனோடு கிளம்பினாள்.

ஃபேக்டரிக்குள் நுழைந்ததும் சோளத்தூசி தொண்டையில் ஒட்டியது. சைலோ என்று அவர்கள் சொல்லும் தகரக் கோபுரங்கள் இரண்டு நின்றன. ஒவ்வொன்றும் மூன்று மாடி உயரம். உச்சியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கதவு. கோபுரத்தின் அடியில் திருகு மாதிரி சுழன்று சோளத்தை வெளியே தள்ளும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. அன்பரசன் துளை போடும் மெஷினை எடுத்தான்.

"வேணாம்டா. இந்தத் தூசியில ஒரு பொறி பட்டா வெடிக்குமாம். கம்பியால கட்டிக்கலாம்."

"தூசி வெடிக்குமா? சும்மா பயமுறுத்தாதக்கா," என்றான். ஆனாலும் உள்ளே வைத்துவிட்டான்.

வண்டிக்குப் பக்கத்தில் இரண்டு பேர் வந்து போர்டுகளைப் பார்த்தார்கள். ஒருவர் அமீர் பாஷா. ஐம்பது வயதிருக்கும், தொந்தியும் வெற்றிலைச் சிவப்புமாக இருந்தார். மற்றவன் ஜோசுவா, முப்பதைத் தாண்டாதவன். இருவருக்கும்தான் சைலோவில் வேலை. அமீர் பாஷா உருது வரியை விரல் வைத்து வாசித்தார். பிறகு படத்தைக் காட்டி, "இவன் ரொம்ப ஒல்லி. நான் இறங்குனா சோளமே ஓடிப்போயிடும்," என்று சிரித்தார்.

"பாய், நெசமாவே உள்ள இறங்குறீங்களா?"

"கட்டிக்கிச்சுன்னா இறங்கித்தானே குத்தி விடணும். கம்பி இருக்கு, ஜோசுவா மேல இருக்கான். வேற இன்னா வேணும்?"

"மெஷின நிறுத்திட்டுத்தானே?"

அவர் லாரிகளைப் பார்த்தார். உள்ளே இருந்து யாரோ கூப்பிட, கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஏணியில் ஏறினார். ஜோசுவா பின்னால் போனான்.

உமைமா நேராகச் சுப்பராயனிடம் போனாள். அவர் போர்டுகளைப் பார்த்து, "நல்லா வந்திருக்கு. கேட்ல நாலு மாட்டுங்க, மீதி ஆபீஸ் வராண்டாவுல," என்றார்.

"சார், இது சைலோ கதவுகிட்ட இருக்க வேண்டியது. இப்பகூட ரெண்டு பேரு மேல போறாங்க. மெஷின் ஓடுது."

"மேல மாட்டினா இன்ஸ்பெக்டர் ஏறியா பாப்பாரு? அவங்க பழகினவங்கம்மா. மெஷின நிறுத்தினா லோடு நிக்கும். ஓனர் என்னைத்தான் கேப்பாரு." அவர் கெட்ட மனிதரில்லை. பேசும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கோபுரத்துக்குள் ஒரு சத்தம் கேட்டது. மூட்டை விழுந்தாற்போல, கனமாக, ஒரே ஒரு தரம். அதைத் தொடர்ந்து ஜோசுவாவின் குரல்: "பாய்! பாய்!" பிறகு அதுவும் உள்ளே இறங்கியதுபோல மங்கியது.

"மெஷின நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே உமைமா ஓடினாள். சுவிட்சுப் பெட்டி கோபுரத்தின் அடியிலேயே இருந்தது. சிவப்புப் பட்டனை அவளே அடித்தாள். சுழற்சி நின்றதும் உண்டான அமைதியில், உள்ளே ஜோசுவா முனகுவது தகரத்தின் வழியாகக் கேட்டது. அமீர் பாஷாவின் சத்தம் இல்லை.

ஏணியில் ஏறி எட்டிப் பார்த்த ஒரு தொழிலாளி கத்தினான். பாளம் உடைந்துவிட்டது. பாயைக் காணோம். அவரைப் பிடிக்கக் குதித்த ஜோசுவா மார்பு வரைக்கும் புதைந்து கிடக்கிறான்.

ஆட்கள் கூடினார்கள். ஃபோர்மேன் சுவிட்சுப் பெட்டிக்கு ஓடி வந்தான்.

"ஓட்டு! கீழ தெறந்து விட்டா சோளம் எறங்கும், ஆளுங்க வெளிய வந்துடுவாங்க!"

"ஓட்டாதீங்க! ஓட்டினா ஜோசுவாவையும் உள்ள இழுத்துடும்!" உமைமா பெட்டியின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

"நீ யாரும்மா? போர்டு மாட்ட வந்தவ. தள்ளு!"

"என்னைத் தள்ளிட்டுத்தான் தொடணும்."

நாலைந்து ஆண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் அவள் தோளில் கை வைக்க வந்தான். சுப்பராயன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். அவர் போனில் ஓனரின் குரல் வெளியே கேட்டது: "திறந்து விடுய்யா! யாரைக் கேட்டு நிறுத்தின?" சுப்பராயன் உமைமாவைப் பார்த்தார். அந்த இங்கிலீஷ் குறிப்பை அவரும் ஒரு தரமாவது படித்திருக்க வேண்டும். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "ஃபயர் சர்வீசக் கூப்பிடுங்கடா," என்றார்.

மேலே இரண்டு பேர் ஜோசுவாவின் அக்குளில் கயிற்றை மாட்டி இழுக்கத் தொடங்கியிருந்தார்கள். அவன் அலறல் கோபுரம் முழுக்க எதிரொலித்தது.

"அன்பு! இழுக்க வேணாம்னு சொல்லு! நம்ம போர்டுங்கள மேல கொண்டு போ!"

அன்பரசன் ஏன் என்று கேட்கவில்லை. பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். ஆட்கள் கைமாற்றிக் கைமாற்றி போர்டுகளை மேலே கொடுத்தார்கள். பெல்ட்டின் கயிற்றை உச்சியில் இருந்த இரும்புக் கம்பியில் கட்டிவிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, கதவு வழியாக உள்ளே தொங்கினான்.

"அக்கா, இப்ப இன்னா?"

உமைமா பெட்டியிலிருந்து முதுகை எடுக்காமல், ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு தான் தமிழாக்கியதில் ஆளை மீட்கும் பகுதியைப் பார்த்துச் சொன்னாள்.

"ரெண்டு போர்ட படுக்க வச்சு அதும்மேல நில்லு. அவன் பக்கத்துல கால் வைக்காத. நாலு போர்ட அவன சுத்தி நாலு பக்கமும் நிறுத்தி, ஆட்டி ஆட்டி உள்ள எறக்கு. கிணத்துக்கு ஒற எறக்குற மாதிரி."

"எறங்க மாட்டேங்குது."

"மெதுவா ஆட்டு."

வெகு நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "எறங்குதுக்கா. அடுத்தது?"

"இப்ப உள்ள இருக்கிற சோளத்த மட்டும் வாளியால அள்ளி வெளிய போடு. வெளியில இருந்து புதுசா வராது."

"டேய் ஜோசுவா, தலையத் தூக்கு. தூங்காதடா." வாளி தகட்டில் உரசும் சத்தம். நடுவில் ஜோசுவா கேட்டது போனில் தெளிவாக விழுந்தது: "பாய் கால் என் காலுக்குக் கீழ இருந்துச்சுண்ணா. இப்ப இல்ல."

உமைமாவின் முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே வியர்வை ஓடியது. அந்தத் தகரத்துக்கு அந்தப் பக்கம், அவள் கைக்கெட்டும் தூரத்தில்கூட, அமீர் பாஷா இருக்கலாம். அவளுக்குத் தட்டிப் பார்க்கத் தோன்றியது. பயந்துபோய்க் கையை மடக்கிக்கொண்டாள்.

ஃபயர் சர்வீஸ் வந்தபோது ஜோசுவாவின் இடுப்பு வெளியே தெரிந்தது. அவனை உயிரோடு இறக்கினார்கள். பிறகு கோபுரத்தின் இரண்டு பக்கமும் தகரத்தை வெட்டினார்கள். சோளம் மஞ்சள் மஞ்சளாகக் கொட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் அமீர் பாஷா வந்தார். கம்பியை விடாமல் பிடித்திருந்தார்.

மாலையில் சுப்பராயனிடமிருந்து போன்.

"அந்த போர்டெல்லாம் வளைஞ்சு போச்சும்மா. மறுபடி அடிச்சுக் கொடு. காலையில ஆபீசருங்க வர்றதுக்குள்ள சைலோ கதவுகிட்ட மாட்டணும்."

"இப்பவா சார் அங்க மாட்டத் தோணுச்சு?"

"என்னைச் சொல்ல வைக்கிறாங்கம்மா." அவர் அழுகிற மாதிரி இருந்தது. உமைமா போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துப் பேப்பரில் வந்த படத்தில் சைலோ கதவுக்குப் பக்கத்தில் புது போர்டுகள் பளபளத்தன. வேறு எங்கோ அடித்திருக்கிறார்கள். ஆனால் எழுத்து அவளுடையது, படம் அவளுடையது, கீழே இருந்த உருது வரியும் அவளுடையதுதான். எச்சரிக்கையை மீறித் தொழிலாளி இறங்கியதாகச் செய்தி சொன்னது. பேப்பரை யாசிர் வாசித்துவிட்டு அவள் கண்ணில் படாமல் மடித்து வைத்தான். அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள்.

அதோடு விடவில்லை. பஜாரில் ஒரு பேச்சு கிளம்பியது: ஒரு பொம்பள மெஷினத் திறக்க விடாம நின்னாளாம், இல்லன்னா பாய் பொழைச்சிருப்பாராம். வழக்கமாக வரும் ஷூ கம்பெனி ஆர்டர் ஒன்று நின்றது. போன் அடிக்கும், எடுத்தால் யாரும் பேசமாட்டார்கள், மூச்சு மட்டும் கேட்கும். கடை ஷட்டரை இறக்கும்போது சந்து முனையில் யாரோ பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதாக அன்பரசன் சொன்னான். "ஒண்ணுமில்லக்கா," என்றும் அவனே சொன்னான். ஆனால் அன்றிலிருந்து அவளை வீடுவரை கொண்டுவிடாமல் போகமாட்டான்.

கணவனை இழந்தவள் வெளியே போகாமல் வீட்டிலிருக்கும் இத்தா நாட்கள் முடிந்த பிறகு ஒரு நாள், அமீர் பாஷாவின் மனைவி அஃப்ஸர் ஜஹான் கடைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. உருதுவில் கேட்டாள்.

"நீதான் திறக்க விடலையாமே?"

"ஆமா."

"திறந்திருந்தா?"

உமைமா பொய் சொல்ல நினைத்தாள். முடியவில்லை. "ஜோசுவாவும் போயிருப்பான், அக்கா. அவர் அதுக்கு முன்னாலயே... நான் ஓடி வந்தப்பவே சத்தம் இல்ல."

"முன்னாலயேன்னா? எவ்வளவு முன்னால?"

"பாளம் உடைஞ்சதும். ஜாஸ்தி நேரம் இல்ல."

அஃப்ஸர் ஜஹான் சுவரில் ஒட்டியிருந்த கல்யாணப் பத்திரிகை மாதிரிகளையே பார்த்தபடி நின்றாள். பிறகு, "அந்தச் சோளத்த இன்னா பண்ணாங்க?" என்று கேட்டாள்.

உமைமாவுக்கு அது ஜோசுவா சொல்லித் தெரியும். "போலீஸ் போனதும் லோடு ஏத்திட்டாங்க."

அப்போதுதான் அவள் உட்கார்ந்தாள். யாசிர் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. போகும்போது, "அன்னைக்கு அங்க போர்டு இல்லன்னு ஆபீசர்கிட்ட சொல்வியா?" என்றாள். "நீங்களும் வந்தா சொல்றேன்," என்றாள் உமைமா.

இருவரும் ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் இருக்கும் வேலூருக்கு பஸ் ஏறினார்கள். ஜோசுவாவுக்கு இன்னும் மூச்சிரைப்பு; அவன் சொல்ல வேண்டியதைத் தனியாகச் சொல்லிவிட்டிருந்தான். பள்ளிகொண்டா நெருங்கும்போது சைலோக்கள் தெரிந்தன. வெட்டிய இடத்தில் புதுத் தகரம் வெள்ளையாக மின்னியது. கீழே லாரிகள் நின்றன. உச்சியில் ஒரு ஆள். கம்பியைக் கதவுக்குள் விட்டுவிட்டு அவனும் காலை உள்ளே வைத்தான்.

"நிறுத்துங்க! பஸ்ஸ நிறுத்துங்க!" அஃப்ஸர் ஜஹான் எழுந்துவிட்டாள். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார்.

கேட்டில் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. உமைமா சுப்பராயனுக்குப் போன் போட்டாள். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. "மெஷின் ஓடுதா? அத மட்டும் சொல்லுங்கண்ணா," என்று வாட்ச்மேனைக் கெஞ்சினாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் சொல்ல வேண்டியதும் இல்லை. காலடித் தரை லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது.

அஃப்ஸர் ஜஹான் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, உள்ளே இருக்கிறவன் பெயர் தெரியாததால், மகனைக் கூப்பிடுவதுபோல, "பேட்டா! பேட்டா, வெளிய வா!" என்று கத்தத் தொடங்கினாள். உமைமாவும் சேர்ந்து கத்தினாள். லாரி டிரைவர்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். விஷயம் தெரிந்ததும் ஒருவர் தன் வண்டியின் ஹாரனை அழுத்தினார். கையை எடுக்கவே இல்லை. மற்ற வண்டிகளும் சேர்ந்துகொண்டன.

ஒரு வழியாகக் கதவில் ஒரு தலை தெரிந்தது. சத்தம் எதற்கென்று பார்க்க ஏறி வந்திருக்கிறான். மஞ்சள் தூசி அப்பிய முகம். கீழே கைகாட்டிக் கத்தும் இரண்டு பெண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முழுதாக வெளியே வந்து, கோபுரத்தின் கூரையில் உட்கார்ந்துகொண்டான்.

அவன் ஏணியில் இறங்கித் தரையில் கால் வைக்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அடுத்த பஸ்ஸில் வேலூர் போய், ஆபீஸ் மூடுகிற நேரத்தில் இதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். கேஸ் இன்னும் நடக்கிறது.